கடைசி மீனும் கடலடிச் சேறும்

சார்டீனியாத் தீவுக்கும் அல்ஜீரியக் கரைக்கும் இடையே மத்தியதரைக் கடலின் அடியில் போட்டிருந்த தந்திக் கம்பி பழுதாகிவிட, 1860-இல் அதை மேலே இழுத்தார்கள். சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த துண்டு கப்பலுக்கு வந்தபோது அதன்மேல் பவளங்களும் சிப்பிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையிலெடுத்து ஆராய்ந்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ். பவளத்தின் அடிப்பகுதி கம்பியின் வளைவுக்கு ஏற்ப அச்சாகப் படிந்து வளர்ந்திருந்தது. இழுத்து வரும் வழியில் எங்கோ சிக்கிய பவளம் அப்படி இருக்காது. கம்பி கிடந்த இடத்திலேயே, வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்திலேயே, நுண்ணிய இளம்பருவத்தில் வந்து ஒட்டி வளர்ந்த பவளம் அது.

அன்றைய அறிஞர்கள் பலருக்கு இது பேரதிர்ச்சி. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் சொன்னதை அவர்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தார்கள். 1841-இல் 'பீக்கன்' என்ற பிரிட்டிஷ் அளவைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போன ஃபோர்ப்ஸ், டிரெட்ஜ் எனப்படும் இரும்புச் சட்டமிட்ட பையைக் கடலடியில் இழுத்து உயிரிகளைச் சேகரித்தார். ஆழம் கூடக் கூடப் பையில் வந்தவை குறைந்துகொண்டே போயின. அந்தக் குறைவை அப்படியே நீட்டிப் பார்த்து, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிர் இருக்காது என்று முடிவு கட்டினார். அவர் பை இறங்கியதோ 230 பாகம்தான்.

ஃபோர்ப்ஸ் கவனக்குறைவானவர் அல்லர். கடலடி உயிரினங்கள் ஆழத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக வாழ்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அவர் போன ஏஜியன் கடல் ஊட்டம் மிகக் குறைந்த கடல். அவருடைய பையின் வாய் சிறியது. சேறு ஏறியதும் அடைத்துக்கொள்ளும். பையில் எதுவும் வரவில்லை என்பது கடலில் எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. அவருக்கு முன்பே, 1818-இல், ஜான் ராஸ் என்ற கப்பல் தலைவர் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்க இறக்கிய கயிற்றில் கைகள் கிளைகிளையாய்ப் பிரிந்த ஒரு கூடை நட்சத்திரம் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. கயிற்றில் அது எந்த ஆழத்தில் சுற்றிக்கொண்டது என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டு அதை ஒதுக்கிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். தந்திக் கம்பியின் பவளத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை.

ஆழ்கடல் ஆய்வின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகும் எண்ணம் ஒன்று உண்டு. கீழே எதை இறக்கினார்களோ, அதற்கேற்ற கடல்தான் ஒவ்வொரு முறையும் மேலே வந்தது. டிரெட்ஜ் ஒரு கடலைக் காட்டியது, சல்லடை வேறொரு கடலைக் காட்டியது, இரை கட்டிய கேமரா இன்னொன்றைக் காட்டியது. கருவி மாறாமல் கருத்து மாறியதே இல்லை.

1869-இல் 'போர்குபைன்' கப்பலில் வைவில் தாம்சனும் அவருடைய தோழர்களும் 2,435 பாகம், அதாவது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து உயிரிகளை வாரி எடுத்தார்கள். ஃபோர்ப்ஸின் எல்லை அத்தோடு போயிற்று. பிறகு வந்த 'சேலஞ்சர்' பயணம் எல்லோரும் அறிந்தது: 1872 டிசம்பரில் கிளம்பி 1876 மே மாதம் திரும்பிய கப்பல், 68,890 கடல் மைல், 362 ஆய்வு நிலையங்கள், சுமார் 4,700 புதிய இனங்கள், 50 தொகுதி அறிக்கை.

வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் அரபிக்கடலிலும் இந்த வேலையைச் செய்த கப்பல் 'இன்வெஸ்டிகேட்டர்'. இந்தியக் கடல் அளவைத் துறையின் கப்பல் அது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் அல்காக், 1888 முதல் சில ஆண்டுகள் ஆழ்கடல் மீன்களையும் நண்டு, இறால் வகைகளையும் சேகரித்துக் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் வைத்தார். அங்குள்ள இந்திய ஆழ்கடல் மீன்களின் விவரப் பட்டியலை 1899-இல் வெளியிட்டார். ஆழ்கடல் மீன் என்றதும் தொலைதூரக் கடல்களையே நினைத்துக்கொள்ளும் நமக்கு, நம் கடல்களில் மட்டுமே சேர்ந்த அந்தப் பட்டியல் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம்.

அல்காக் விவரித்த மீன்களில் ஒன்று அந்தமான் கடலில் கிடைத்த ஒரு முக்காலி மீன். அதன் இரண்டு இடுப்புத் துடுப்புகளிலும் வால் துடுப்பின் கீழ் ஓரத்திலும் உள்ள கதிர்கள் நீண்டு விறைத்த குச்சிகளாக இருக்கும். கண் மிகச் சிறியது. மார்புத் துடுப்பின் கதிர்கள் தனித்தனி இழைகளாகப் பிரிந்திருக்கும். வலையில் வந்த செத்த மீனைத் தட்டில் கிடத்திப் பார்ப்பவருக்கு இந்தக் குச்சிகள் எதற்கு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஆழ்நீர்மூழ்கிகளில் இறங்கியவர்கள் அந்த இன மீன்களை உயிரோடு பார்த்தார்கள். மூன்று குச்சிகளையும் சேற்றில் ஊன்றி, நீரோட்டத்தை எதிர்நோக்கி, அசையாமல் நின்றுகொண்டிருந்தன. மார்பு இழைகளை முன்பக்கம் விரித்து, ஓட்டத்தில் மிதந்து வரும் சிற்றிரை தட்டுப்படுவதை அவற்றால் உணர்கின்றன. பார்வையை நம்பாமல் தொடுகையை நம்பி நின்ற இடத்திலேயே உண்ணும் மீன் அது. எத்தனை வலை போட்டாலும் இந்தச் செய்தி வலையில் வந்திருக்காது.

இனி சேற்றுக்கு வருவோம். ஆழ்கடல் தரையின் பெரும்பகுதி சேறுதான். சேலஞ்சர் காலத்திலிருந்து, அந்தச் சேற்றில் உயிர் உண்டு, ஆனால் கொஞ்சம்தான், வகையும் குறைவு என்ற எண்ணம் நிலவியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் 1960-களில் அதைப் புரட்டிப் போட்டார்கள். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம் வலைக்கண்ணைச் சிறிதாக்கியது. சேற்றின் மேல்படலத்தைச் சீவி எடுக்கும் சறுக்குவண்டி ஒன்றில் நுண்கண் வலையைக் கட்டி, நியூ இங்கிலாந்துக் கரைக்கும் பெர்முடாவுக்கும் இடையே இழுத்தார்கள். ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான இனங்கள் வந்தன. அதுவரையிலான வலைகளின் கண் வழியே அவ்வளவும் நழுவிப் போயிருந்தன.

அடுத்த படி பாக்ஸ் கோரர். வடத்தில் தொங்கி இறங்கும் எஃகுப் பெட்டி அது. சேற்றில் புதைந்ததும் பக்கவாட்டிலிருந்து வளைந்த தகடு ஒன்று சுழன்று வந்து அடியை மூடிக்கொள்ள, கடலடியின் ஒரு சதுரம் அப்படியே மேலே வரும். அதை இறக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. பெட்டி வேகமாக இறங்கினால் அதற்கு முன்னே தள்ளப்படும் தண்ணீரே சேற்றின் மேல்பூச்சை ஊதிக் கலைத்துவிடும். உயிரிகள் நிறைந்திருப்பதோ அந்த மேல் சில சென்டிமீட்டரில். அதனால் ஐந்து கிலோமீட்டர் வடத்தை மணிக்கணக்கில் விட்ட பிறகும், தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, கடைசிச் சில மீட்டர்களை மெல்ல மெல்ல விடுவார்கள். தளத்துக்கு வந்த சேற்றை அடுக்கடுக்காக வெட்டி, குளிர்ந்த கடல்நீரில் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள சல்லடையில் அலசுவார்கள். சல்லடையில் நிற்பதைப் பதப்படுத்தி, ரோஸ் பெங்கால் என்ற சாயத்தில் ஊறவைப்பார்கள். உயிர்த்தசை இளஞ்சிவப்பாக நிறம் பிடிக்கும். மணலும் ஓட்டுத் துண்டும் நிறமின்றி இருக்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பாலிகீட் புழு ஒருபக்கம், மிளகைவிடச் சிறிய சிப்பி ஒருபக்கம், ஐசோபாட் என்ற சிறு கணுக்காலி ஒருபக்கம். ஒரு பெட்டிச் சேற்றைப் பிரித்து முடிக்க நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். இந்தத் துறையின் உண்மையான உழைப்பு கப்பலைவிட இந்த மேசையில்தான் கழிகிறது.

ஃபிரெட் கிராஸிலும் நான்சி மாசியோலெக்கும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி, டெலவேர் கரைகளுக்கு அப்பால், 1,500 முதல் 2,500 மீட்டர் ஆழத்தில் இப்படி 233 பெட்டிகள் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரம். எல்லாம் சேர்த்தால் பரப்பு 21 சதுர மீட்டர். ஒரு வீட்டின் இரண்டு சிறிய அறைகள். அதில் 90,677 உயிரிகள், 798 இனங்கள். பாதிக்கு மேல் அறிவியலுக்குப் புதியவை. 1992-இல் இது வெளியானபோது எண்ணிக்கையைவிட முக்கியமாகப் பட்டது வேறு: புதிய புதிய பெட்டிகளை எடுத்தபோது புதிய இனங்கள் வந்துகொண்டே இருந்தன. இதை வைத்து ஆழ்கடலடியில் ஒரு கோடி இனங்கள் இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். ராபர்ட் மே என்ற சூழலியலாளர், அவ்வளவு பெருக்கக்கூடாது, ஐந்து லட்சம் என்பதே பொருத்தம் என்று மறுத்தார். இருபது மடங்கு வித்தியாசம்! மழைக்காடுகளின் பூச்சிகளைப் பற்றி நடக்கும் அதே வாதம், யாரும் நடமாடாத ஒரு சேற்றைப் பற்றி நடந்தது.

இத்தனை இனங்கள் ஏன்? சாண்டர்ஸ் சொன்ன விளக்கம், ஆழ்கடல் மாறாத இடம் என்பது. வெயில் இல்லை, பருவம் இல்லை, புயல் இல்லை. நெடுங்காலம் அமைதியாக இருந்ததால் இனங்கள் நுணுக்கமாகப் பிரிந்து பெருகின என்றார். அழகான கருத்து. ஆனால் 'மாறாத இடம்' என்ற பகுதி நிற்கவில்லை. அயர்லாந்துக்குத் தென்மேற்கே சுமார் 4,850 மீட்டர் ஆழத்தில் போர்குபைன் ஆழ்சமவெளி இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கடலடியில் தானியங்கிக் கேமராக்களை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தவர்கள், வசந்த காலத்தில் மேற்பரப்பில் பாசி பூத்த சில வாரங்களில் அதன் எச்சம் கீழே வந்து பச்சை நிறப் படலமாகப் படிவதைக் கண்டார்கள். கும்மிருட்டிலும் அங்கே பருவகாலம் உண்டு. 1990-களின் நடுவில் அதே சமவெளியில் ஆம்பெரிமா ரோசியா என்ற சிறிய கடல் அட்டை திடீரென்று பல நூறு மடங்கு பெருகியது. முன்பு கடலடியின் மேல்படலத்தை முழுக்க ஒருமுறை மேய்ந்து முடிக்க அங்குள்ள விலங்குகளுக்கு ஆண்டுகள் பிடித்தன; இப்போது சில வாரங்களில் மேய்ந்து முடித்தன. மேலிருந்து வரும் உணவின் தன்மை மாறியதே காரணம் என்று கருதுகிறார்கள். ஒரே ஒரு முறை போய்ப் பெட்டி எடுத்துத் திரும்பியவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது. சேற்றின் பன்மைக்கு இன்று ஒரே காரணத்தை யாரும் சொல்வதில்லை. உணவு திட்டுத்திட்டாக விழுவது, புழுக்களின் வளைகளும் கடற்பஞ்சுகளும் உண்டாக்கும் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள், ஒன்றையொன்று தின்பதால் எந்த இனமும் ஆதிக்கம் பெறாமல் போவது என்று பலவும் பேசப்படுகின்றன.

எப்படியிருந்தாலும் அங்கே எல்லாமே சோற்றைப் பொறுத்தது. மேற்பரப்பில் விளைவதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஆழ்கடல் தரைக்கு வந்து சேர்கிறது: செத்த பாசி, கழிவுத் துணுக்கு, உதிர்ந்த ஓடு. இந்த மெல்லிய சொரிவைக் கடற்பனி என்கிறார்கள். எப்போதாவது ஒரு திமிங்கலம் செத்து விழும். 1987-இல் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் 1,240 மீட்டர் ஆழத்தில் கிரெய்க் ஸ்மித்தின் குழுவினர் அப்படியொரு எலும்புக்கூட்டைக் கண்டபோது, எலும்பின் கொழுப்பு அழுகி வெளிவரும் சல்பைடை நம்பி ஒரு சமூகமே அதன்மேல் குடியிருந்தது. 2002-இல் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கில் ஒரு திமிங்கல எலும்பில் கண்ட ஓசெடாக்ஸ் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எலும்புக்குள் வேர் விட்டு, அமிலத்தால் கரைத்து, வேரில் வாழும் பாக்டீரியாவின் உதவியோடு உண்கிறது. கண்ணில் தெரிவதெல்லாம் பெண்கள். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஆண்கள் டஜன் கணக்கில் பெண்ணின் குழாய்க்குள்ளேயே வாழ்கின்றன.

நுண்ணுயிர்கள் ஆழத்தில் எவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்பது ஒரு விபத்தால் தெரிந்தது. 1968 அக்டோபரில் 'ஆல்வின்' நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது வடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். ஆல்வின் 1,540 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. பத்து மாதத்துக்கு மேல் கழித்து, 1969-இல் தூக்கியபோது மதியச் சாப்பாடு உள்ளேயே இருந்தது. சாண்ட்விச், ஆப்பிள், குடுவையில் சூப். ரொட்டி ஊறியிருந்ததே தவிர எல்லாம் ஏறக்குறையச் சாப்பிடும் நிலையில் இருந்தன. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டன. ஹோல்கர் யானாஷ் என்ற நுண்ணுயிரியலாளர் இதைத் தொடர்ந்து ஆழ்கடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஒரு புதிய ஆய்வுத் திசையையே தொடங்கினார்.

சாப்பாடு மூடிய டப்பாவில் இருந்ததால் விலங்குகளிடமிருந்து தப்பியது. திறந்து வைத்த உணவுக்கு என்ன ஆகும் என்பதை அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஜான் ஐசக்ஸ் காட்டிக்கொண்டிருந்தார். கேமராவுக்கு முன்னால் இரையைக் கட்டி, கயிறே இல்லாமல் கடலில் விழவிட்டார். எடையைக் கழற்றிவிட்டதும் அது தானாக மேலே மிதந்து வரும். படச்சுருளைக் கழுவிப் பார்த்தால் கூட்டம் கூட்டமாக எலிவால் மீன்கள், ஹேக் மீன்கள், பெரிய சுறாக்கள். ஆழத்தில் பெரிய மீன்கள் அபூர்வம் என்று வலைகள் சொல்லிவந்தன. வேகமாக நீந்தும் மீன், மெதுவாக வரும் வலையைப் பார்த்து ஒதுங்கிப் போய்விடும் என்பதே உண்மை. மீனைத் தேடிப் போவதைவிட மீனை வரவழைப்பது நல்லது என்று தூண்டில்காரருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

அப்படியானால் மீன் எந்த ஆழம் வரை இருக்கிறது? 1960 ஜனவரி 23-இல் 'திரியெஸ்த்' கலத்தில் மரியானா அகழியின் சேலஞ்சர் பள்ளத்தின் அடியை, சுமார் 10,900 மீட்டரை, முதன்முதலில் தொட்ட ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் அங்கே ஒரு தட்டை மீனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படம் இல்லை. அவர்கள் கண்டது ஒரு கடல் அட்டையாக இருக்கலாம் என்பது பெரும்பாலான மீனியலாளர்களின் கருத்து. 1970-இல் போர்ட்டோ ரிக்கோ அகழியில் 8,370 மீட்டரில் இழுத்த வலையில் ஒரு மீன் வந்தது. ஆனால் வாய் திறந்த வலை மேலே வரும் வழியெல்லாம் மீன் பிடிக்கும். ஜான் ராஸின் கயிற்றைப் பார்த்துக் கேட்ட கேள்வி இங்கே மறுபடி வந்து நிற்கிறது. 1951-இல் டென்மார்க்கின் 'கலாத்தியா' கப்பல் பிலிப்பைன் அகழியில் 10,190 மீட்டரில் இழுத்தபோது கடல் சாமந்தி, கடல் அட்டை, சிப்பி, புழு எல்லாம் வந்தன, மீன் வரவில்லை.

அகழிகளின் மீனைச் சரியாகக் கண்டவை இரை கட்டிய கேமராக்கள்தான். இந்நூற்றாண்டில் ஆலன் ஜேமிசனும் அவருடைய கூட்டாளிகளும் பசிபிக்கின் அகழி ஒவ்வொன்றாக அவற்றை இறக்கினார்கள். கம்பியில் கட்டிய கானாங்கெளுத்தி கீழே போய்ச் சேர மணிக்கணக்கு ஆகும். முதலில் வருபவை ஆம்பிபாட்கள். இறாலுக்குத் தூரத்து உறவான இவை மொய்த்துச் சில மணி நேரத்தில் மீனை முள்ளாக்கிவிடும். அவற்றைத் தொடர்ந்து வருகிறது நத்தைமீன். அது இரையைத் தொடுவதில்லை. இரையை மொய்க்கும் ஆம்பிபாட்களை உறிஞ்சி விழுங்குகிறது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை அவற்றைப் பிடித்து அரைக்கிறது.

மரியானா அகழியில் பிடித்து 2017-இல் பெயரிட்ட நத்தைமீன் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். சேலஞ்சர் கப்பலில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஸ்வையரின் பெயரை அதற்கு வைத்தார்கள். உலகின் மிக ஆழமான மீன் என்றால் கோரைப்பல்லும் முதுகில் விளக்கும் உள்ள ஒரு பயங்கர உருவத்தை எதிர்பார்ப்போம். இதுவோ வெளிறிய இளஞ்சிவப்பு, செதில் இல்லை, உடல் கூழ்போல் தளதளப்பாக இருக்கும், தோல் வழியே ஈரல் தெரியும். காற்றுப்பை கிடையாது, 800 வளிமண்டல அழுத்தத்தில் காற்றுப்பையை நிரப்பி வைப்பது பெருஞ்செலவு. எலும்பு முழுமையாக இறுகுவதில்லை. மண்டையோடு முழுதாக மூடுவதுகூட இல்லை. 2019-இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், எலும்பைச் சுண்ணாம்பேற்றி இறுக்கும் மரபணு ஒன்று செயலிழந்து கிடப்பதையும், ஒளியை உணரும் மரபணுக்கள் பல தொலைந்துபோனதையும் கண்டார்கள். இதன் உறவினங்கள் பல குளிர்ந்த கடற்கரைகளின் பாறைக் குட்டைகளில் வாழ்பவை. அங்கிருந்து ஒரு கிளை இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது.

அந்த இறக்கம் எங்கே நிற்கிறது என்பதில்தான் இந்தத் துறையின் மிக அழகான கணக்கு இருக்கிறது. கணக்கின் மையத்தில் இருப்பது டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு என்ற சின்ன மூலக்கூறு. கடல் மீனின் தசையில் இது நிறைய உண்டு. ஆற்று மீனில் மிகக் குறைவு. மீன் செத்ததும் பாக்டீரியா இதை டிரைமெத்திலமீன் ஆக்குகிறது. கடல் மீனின் கவிச்சி அதுதான். புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் அமிலம் அந்த அமீனைப் பிடித்து ஆவியாகாமல் செய்துவிடுவதால் வாடை அடங்குகிறது.

உயிருள்ள மீனில் இதன் வேலை வேறு. ஆழத்தின் அழுத்தம் தண்ணீரைப் புரதத்தின் மடிப்புகளுக்குள் நெருக்கித் தள்ளி அதன் வடிவைக் குலைக்கப் பார்க்கும். டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டு புரதத்தின் வடிவத்தைக் காக்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் யான்சி பல ஆழங்களின் மீன்களில் இதை அளந்தார். ஆழம் கூடக் கூட அளவு நேர்கோட்டில் ஏறியது. இதற்கு ஒரு விலை உண்டு. எலும்பு மீன்களின் உடல்நீர் கடல்நீரைவிட நீர்த்தது. இந்தப் பொருள் சேரச் சேர உடல்நீர் அடர்த்தியாகிக் கடல்நீரை எட்டிப் பிடிக்கும். கோட்டை நீட்டிப் பார்த்தால் 8,200 மீட்டர் அளவில் இரண்டும் சமமாகின்றன. அதற்கும் கீழே போனால் கடல்நீர் உடலுக்குள் பாயத் தொடங்கும். கடலில் வாழ்வதற்காகவே அமைந்த சிறுநீரகமும் செவுளும் தலைகீழாக மாற வேண்டும். கெர்மடெக் அகழியில் 7,000 மீட்டரில் பிடித்த ஐந்து நத்தைமீன்களை அளந்தபோது அவை அந்தக் கோட்டின்மேலேயே அமர்ந்தன. 2014-இல் யான்சியும் ஜேமிசனும் மற்றவர்களும் எழுதினார்கள்: மீனின் எல்லை 8,200 முதல் 8,400 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஃபோர்ப்ஸும் ஒரு கோட்டை நீட்டித்தான் சொன்னார். ஆனால் இங்கே கோட்டுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஓர் இளம் நத்தைமீன் கேமராவுக்கு முன்னால் வந்தது. இதுவரை படம் பிடிக்கப்பட்ட மீன்களிலேயே ஆழமானது அது. அதே பயணத்தில் ஜப்பான் அகழியில் 8,022 மீட்டரில் இரண்டு மீன்களைப் பிடித்தும் காட்டினார்கள். புழு, சிப்பி, ஆம்பிபாட், கடல் அட்டை ஆகியவற்றின் உடல்நீர் முதலிலிருந்தே கடல்நீருக்குச் சமம் என்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் மீன் நின்ற இடத்துக்குக் கீழேயும் அவை தொடர்கின்றன.

கடலடி வெந்நீர் ஊற்றுகளின் கதை பல நூல்களில் விரிவாக வந்துவிட்டது. 1977-இல் கலாபகஸ் பிளவில் ஆல்வினில் இறங்கியவர்கள் நிலவியலாளர்கள். அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளரும் இல்லை. சூரியனை நம்பாமல் சல்பைடை எரிபொருளாக்கும் பாக்டீரியாவோடு கூட்டு வைத்து வாழும் குழாய்ப்புழுக்களை அவர்கள் கண்டார்கள். அந்தக் கூட்டைக் கண்டு சொன்னவர் அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த கொலீன் கவனா. இந்தியப் பெருங்கடலின் ஊற்றுகளுக்கென்று ஓர் உயிர் உண்டு: 2001-இல் மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் கண்ட செதிற்கால் நத்தை. அதன் காலைப் போர்த்தியிருக்கும் செதில்களில் இரும்பு சல்பைடு படிந்திருக்கும். இரும்புக் கவசம் அணிந்த வேறொரு விலங்கை நாம் அறியோம்.

இவ்வளவு தூரத்தில் இருந்தும் அந்த உலகம் நம் கைக்குத் தப்பவில்லை. அயர்லாந்துக்கு அருகே 1977 முதல் 1989 வரையிலும் 1997 முதல் 2002 வரையிலும் ஒரே முறையில் வலை இழுத்து மீன்களை எண்ணிய ஆய்வு 2009-இல் வெளியானது. அங்கே மீன்பிடிக் கப்பல்கள் இழுப்பது சுமார் 1,600 மீட்டர் வரை. மீன்கள் குறைந்திருந்ததோ 2,500 மீட்டர் வரை. இளமையில் ஓர் ஆழம், முதுமையில் ஓர் ஆழம் என்று மீன்கள் இறங்கி வாழ்வதால், மேலே பிடித்தது கீழே குறைந்தது. ஆழ்கடல் மீன்கள் மெதுவாக வளர்பவை. ஆரஞ்சு ரஃபி என்ற மீன் முப்பது வயதளவில்தான் முட்டையிடும் பருவத்துக்கு வரும், நூறு வயதைத் தாண்டியும் வாழும். ஈரல் எண்ணெய்க்காக இந்தியப் பெருங்கடலிலும் பிடிக்கப்படும் ஆழ்கடல் சுறாக்கள் ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளோ சிலவோதான் ஈனும். இப்படிப்பட்ட உயிர்களை நெத்திலியைப் பிடிப்பதுபோல் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தன் கடல்களில் 800 மீட்டருக்குக் கீழே இழுவலை போடுவதைத் தடை செய்தது. மரியானா அகழியின் ஆம்பிபாட்களில் ஜேமிசன் குழுவினர் பிசிபி என்ற தடைசெய்யப்பட்ட தொழிற்சாலை நச்சை அளந்தபோது, சீனாவின் மிக மாசுபட்ட ஆறுகளில் ஒன்றின் தண்ணீர் பாயும் நெல்வயல் நண்டுகளில் இருப்பதைப்போல் ஐம்பது மடங்கு இருந்தது.

சுரங்கம் இதைவிடப் பெரிய கேள்வி. கடலடிச் சமவெளிகளில் உருளைக்கிழங்கு அளவில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு கலந்த பல்லுலோக முண்டுகள் கிடக்கின்றன. ஒரு முண்டு பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும். சேற்றுச் சமவெளியில் கெட்டியான பொருள் அது ஒன்றே என்பதால் கடற்பஞ்சும் பவளமும் அதன்மேல்தான் ஒட்ட முடியும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 4,000 மீட்டருக்குக் கீழே வாழும் வெளிறிய ஆக்டோபஸ் ஒன்று, முண்டின்மேல் வளர்ந்து செத்த கடற்பஞ்சின் தண்டில் முட்டையிட்டு அடைகாப்பதைப் பார்த்தார்கள். முண்டை எடுத்தால் அந்தத் தண்டு இல்லை.

முண்டை எடுத்தால் என்ன ஆகும் என்று 1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால் 4,150 மீட்டரில் உழுது பார்த்தார்கள். எட்டு மீட்டர் அகலக் கலப்பை ஒன்றை 78 முறை இழுத்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து 2015-இல் மீண்டும் போனபோது உழுத தடங்கள் நேற்று உழுததுபோல் தெரிந்தன. நகர்ந்து மேயும் சில விலங்குகள் திரும்பியிருந்தன. ஒட்டி நின்று நீரை வடிகட்டி உண்பவை திரும்பவில்லை. நுண்ணுயிர்கள்கூட முன்னிருந்த அளவை எட்டவில்லை.

சுரங்கத்துக்காக அதிகம் பேசப்படும் பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்ட்டன் பகுதியில், 2023-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, சுமார் 5,600 விலங்கினங்கள் இருப்பதாகக் கணக்கு. பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் என்பது வெறும் சடங்கு அன்று. செதிற்கால் நத்தை 2001-இல் கிடைத்தது; 2015-இல் முறையாக விவரிக்கப்பட்டுப் பெயர் பெற்றது; 2019-இல், வாழும் ஊற்றுகளில் சுரங்கம் வரக்கூடும் என்ற காரணத்தால், அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சர்வதேசச் செம்பட்டியலில் ஏறியது. பெயரும் விவரமும் இருந்ததால் அதற்காக வாதாட முடிந்தது. சேற்றுப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வாய்க்கவில்லை.

மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் முண்டுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சுரங்க எந்திரம் 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் கடலடியில் நகர்ந்து காட்டியது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு அழைத்துச் செல்லும் 'மத்ஸ்யா 6000' கலத்தையும் அதே கழகம் உருவாக்கிவருகிறது. எந்திரத்துக்கும் கலத்துக்கும் பொறியாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தப் பரப்பின் சேற்றைப் பெட்டி பெட்டியாக எடுத்து, சலித்து, சாயமேற்றி, ஒவ்வொரு புழுவையும் எந்த இனம் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த வகைப்பாட்டியலாளர்கள் அதே அளவுக்கு வேண்டும். எந்திரம் வேலை தொடங்கும் முன்பே அவர்களைப் பயிற்றுவித்து அமர்த்தியாக வேண்டும். பெரு நாட்டுக் கடலில் உழுது பார்த்தவர்களால் எது திரும்பவில்லை என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், உழுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று அவர்கள் எண்ணி வைத்திருந்ததுதான்.